கோவிலூரில் ஓர் ஆன்மா, குன்றக்குடியில் ஓர் ஆன்மா

செட்டிநாட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைவிட முக்கியமான கேள்விகள் சில உண்டு. எந்த ஊர், எந்தக் கோவில், யார் வீடு? ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றைச் சொல்லி, வீட்டு விலாசத்தின் எழுத்துகளையும் சொன்னால் பாட்டன் பூட்டன் வரை விளங்கிவிடும். சுவீகாரம் போனால் அந்த விலாசமே மாறிவிடும். நேற்றுவரை ஒரு வீட்டுப் பிள்ளை, இன்று இன்னொரு வீட்டுப் பிள்ளை. ஆள் என்னவோ அதே ஆள்தான். ‘நான் யார்’ என்று ஆராய்கிற ஆத்ம விசாரத்தின் முதல் பாடம் இதைவிடக் கடினமானதல்ல. வருவதும் போவதும் ‘என்னுடையது’. அது ‘நான்’ ஆகாது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். காரைக்குடியை ஒட்டிய கோவிலூரில், கொற்றவாளீசுவரர் கோவில் இருக்கும் ஊரில், முத்துராமலிங்க ஆண்டவர் தொடங்கிய வேதாந்த மடம் இருக்கிறது. தமிழிலேயே அத்வைதம் படிக்க வழி செய்த இடம். மேற்கே கொஞ்ச தூரம் போனால் குன்றக்குடி ஆதீனம். அங்கே சைவ சித்தாந்தம். இரண்டுக்கும் நடுவே யோகா வகுப்புகள், அவற்றில் யோக சூத்திரம் செய்த பதஞ்சலி. ஒரே ஆள் ஒரே மாதத்தில் மூன்றையும் கேட்டுவிட்டு ‘எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன’ என்று முடிவு கட்டிவிடுகிறார். முதல் பாதிக்கு அது சரி. கடைசிப் படியில் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. பயிற்சி தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பொதுவான பாதியைப் பார்ப்போம். காலையில் கால்மணி நேரம் போதும். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் கால் மரத்துப்போகும். அது தெரிகிறது அல்லவா? தெரிகிற பொருள் வேறு, அதைத் தெரிந்துகொள்வது வேறு. ஆன்மாவைப் போர்த்திய ஐந்து உறைகளைக் கோசங்கள் என்பார்கள். இது முதல் உறையான உடம்பில், அன்னமய கோசத்தில் செய்கிற விசாரம். அடுத்து மூச்சு, பசி, தாகம், இவை பிராணமயம். அடுத்து கடைக்குப் போகணும், அவர் அப்படிப் பேசிவிட்டாரே என்று ஓடுகிற ஓட்டம், அது மனோமயம். இந்த மூன்றையும் விலக்கி நிறுத்துவது யாருக்கும் கஷ்டமில்லை.

வழுக்குவது நான்காவதில். ‘ஓ, இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, இதுதான் ஆன்மா’ என்று உள்ளே ஒரு தீர்மானம் எழும். அந்தத் தீர்மானமே விஞ்ஞானமயம். விசாரம் செய்கிறேன் என்று நினைக்கிற கர்த்தாவும், அதாவது செய்பவனும், ஓர் உறைதான். பல வருஷம் பழகியவர்கள்கூட இங்கே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் இந்த உறை மிகவும் கெட்டிக்காரத்தனமாகப் பேசும். அதையும் தாண்டினால் ஒரு நிறைவு, காரணமில்லாத இதம் வரும். அது ஆனந்தமயம். எழுந்து போய்க் காப்பி குடிப்பதற்குள் அது காணாமல் போய்விடும். வந்து போவதால் அதுவும் உறைதான். தைத்திரீய உபநிடதம் ஆனந்தமயத்தை ஒரு பறவையாகச் சொல்கிறது: பிரியம் தலை, மோதம் என்ற மகிழ்ச்சியும் பிரமோதம் என்ற பெருமகிழ்ச்சியும் சிறகுகள், ஆனந்தம் உடல், பிரம்மமே வால், அதாவது தாங்குகிற ஆதாரம். சங்கரர் அந்த ஆதாரத்தைத்தான் ஆன்மாவாகக் கொண்டார். இராமானுசரோ ஆனந்தமயமே பரம்பொருள் என்றார். ஆக, ‘இதம் வந்தது, அடைந்துவிட்டேன்’ என்பது அத்வைதப்படி கணக்கில் சேராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோசம் ஐந்து என்றதும் செட்டிநாட்டு வீடு மாதிரி, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே நடந்து போகச் சொல்லத் தோன்றும். கேட்க அழகாக இருக்கும், பழகும்போது கெடுக்கும். வளவுக்குள் போனவர் முகப்பில் இருக்க மாட்டார். கோசங்கள் அப்படியில்லை, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. உடலை விட்டு எங்கேயோ உள்ளே போகிறோம் என்று கற்பனை செய்பவர்களுக்கு மயக்கமும் தூக்கமும்தான் மிச்சம்.

ஐந்தையும் தள்ளியபின் ‘மிச்சம் ஒன்றுமே இல்லையே’ என்று தோன்றினால் அது இயல்பு. ஒன்றுமில்லை என்பது எதற்குத் தெரிகிறதோ அது இருக்கிறது, அதுதான் சாட்சி. அதைப் பிடித்துப் பார்க்க முயல்வது அடுத்த தப்பு. சாட்சியைப் பார்த்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது சாட்சியில்லை, இன்னொரு காட்சி. பார்க்கப்பட்டதெல்லாம் திருசியம், காணப்படும் பொருள்.

இன்னொரு கோளாறு வாழ்க்கையில் தெரியும். நான் கர்த்தா அல்ல, சாட்சி மட்டுமே என்பதைக் கடமை தட்டிக்கழிக்கப் பயன்படுத்துவது. கொடுக்க வேண்டிய கடனுக்குச் சாட்சி, வர வேண்டிய வட்டிக்கு மட்டும் கர்த்தா! இதைத் தடுக்கத்தான் விவேகம், வைராக்கியம், மன அடக்கமான சமம், புலனடக்கமான தமம் முதலிய ஆறு, முமுட்சுத்துவம் எனும் விடுதலை வேட்கை என்ற நான்கு தகுதிகளை முன்னால் வைத்தார்கள். அதைத் தாண்டிக் குதித்து நேரே ‘நீயே அது’ என்பது போன்ற மகாவாக்கியத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

இனி பிரிகிற இடம்.

பதஞ்சலிக்குச் சித்த விருத்திகள், அதாவது மனத்தின் அலைகள், அடங்க வேண்டும். அடங்கும்போது பார்ப்பவன் தன் சொரூபத்தில் நிற்கிறான். மற்ற நேரத்தில் விருத்தியின் சாயலிலேயே இருக்கிறான். முதல் பாதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்கள் இவை. அதனால் அப்பியாசமும் (தொடர் பயிற்சி) வைராக்கியமும் (பற்றின்மை) இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பிடிமானம் வரும் என்கிறார். அவர் சொல்லும் புருடர்கள், அதாவது ஆன்மாக்கள், பலர். ஒவ்வொருவருக்கும் முடிவு சடமான பிரகிருதியிலிருந்து விலகித் தனித்து நிற்கும் கைவல்யம்.

கோவிலூர் வழியில் ஆன்மா ஒன்றே, அதுவே பிரம்மம். மனம் அடங்குவது உதவிதான், அதுவே ஞானமில்லை. அறியாமையை உடைப்பதே ஒரு விருத்திதான், பிளவற்ற பிரம்மத்தின் வடிவாகவே எழும் அதை அகண்டாகார விருத்தி என்பார்கள். ‘தத் த்வம் அசி’ (அது நீ ஆகிறாய்) என்பதில் ‘நீ’ என்ற தொம்பதம், ‘அது’ என்ற தற்பதம் இரண்டின் பொருளையும் சோதித்து, ‘ஆகிறாய்’ என்ற அசிபதத்தில் ஐக்கியம் காண்பது அங்கே வேலை. கேட்பது ஐயத்தின் ஒரு பாதியை நீக்கும், சிந்திப்பது மறுபாதியை. உடம்பே நான் என்ற பழக்க வாசனை, ஆழ்ந்து நிலைக்கும் நிட்டை கூடினால்தான் போகும். யோகா வகுப்பிலிருந்து இங்கே வருபவர் ‘மனம் நிற்கவில்லை, எனக்கு ஞானம் வராது’ என்று சோர்கிறார். வேதாந்தம் கேட்டுவிட்டு யோகத்துக்குப் போகிறவர் ‘விருத்தி இருந்தால் என்ன’ என்று அப்பியாசத்தை விட்டுவிடுகிறார். இரண்டு பேரும் கேட்டது சரி, பொருத்திய இடம்தான் தப்பு.

சித்தாந்தத்தில் நிலைமை இன்னும் சுவாரஸ்யம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்கு ஏழு காரணம் அடுக்குகிறது. இல்லை என்று சொல்கிற ஒன்று இருப்பதால், ‘எனது உடல்’ என்று பிரித்துச் சொல்வதால் என்று தொடங்கும்போது அத்வைதி தலையாட்டுவார். ‘உணர்த்த உணர்தலின்’ என்று வந்ததும் நிறுத்திவிடுவார். உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும். கண்ணுக்கு வெளிச்சம் வேண்டியதுபோல் உயிருக்குத் திருவருள் வேண்டும். அத்வைதத்தின் ஆன்மாவோ தானே ஒளி.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறோம். அனுபவிக்காததை நினைவுகூர முடியாது, ஆகவே தூக்கத்திலும் சாட்சி விழித்திருந்தது என்கிறது வேதாந்தம். மெய்கண்டார் அதே தூக்கத்தை வேறு வேலைக்கு எடுக்கிறார்: தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் செய்வதும் இல்லை, ஆகவே மூச்சு ஆன்மா அல்ல. நனவு, கனவு, உறக்கத்துக்கு அடுத்த நான்காம் நிலையான துரியத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மாண்டூக்கிய உபநிடதத்தில் துரியம் என்பது ஆன்மாவேதான். சித்தாந்தத்தின் கீழாலவத்தையில், அதாவது உயிர் படிப்படியாகக் கீழிறங்கும் நிலைகளில், துரியம் ஒரு கட்டுண்ட நிலை: உயிருக்கு உதவும் கருவிகள் நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, துரியத்தில் பிராணனும் புருடனுமாக 2. உயிர் தூக்கத்தைவிடக் கீழே இறங்கிக் கிடக்கிறது. குன்றக்குடிப் பக்கம் படித்தவரிடம் ‘எனக்குத் துரியம் கிட்டியது’ என்றால் அவர் அனுதாபப்படக்கூடும்!

ஆகவே சித்தாந்தத்தில் உண்மையான நானைக் காண்பது பாதி வழி மட்டுமே. தச காரியம் என்ற பத்தில் தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி, ஆன்ம ரூபம் ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவதாகத்தான் ஆன்ம தரிசனம் வருகிறது. அதன்பின் ஆன்ம சுத்தி. மேலே சிவ ரூபம், சிவ தரிசனம், சிவ யோகம், சிவ போகம் இன்னும் நான்கு. ஐந்தாவதில் ‘நானே பிரம்மம்’ என்று நின்றுவிட்டால் ஆணவம் அங்கேயே கூடு கட்டும் என்பது அவர்கள் கவலை. உயிருக்குத் தனி நிறமில்லை, சார்ந்ததன் வண்ணம் ஆவதே அதன் இயல்பு. உயிரைக் கட்டும் அழுக்கான மலத்தைச் சார்ந்தால் மலம்போல், சிவத்தைச் சார்ந்தால் சிவம்போல்.

பாதரக்குடி, துலாவூர் மடங்களில் உபதேசம் வாங்கிய குடும்பங்களில் யாராவது இந்த விசாரத்தைத் தொடங்குவதாக இருந்தால், ஐந்தெழுத்து மந்திரம் ஓதுவதை நிறுத்திவிட்டுச் சாட்சி பாவனைக்கு மாற வேண்டாம். தத்துவங்களைப் பிரித்தறிய மேலே சொன்ன காலைப் பயிற்சி உதவும், அதோடு அதன் வேலை முடிந்தது. சிவாயநம என்பதில் சி சிவம், வா அருள், ய உயிர், ந சிவனின் மறைப்புச் சக்தி, ம மலம். ய நடுவில் நிற்கிறது. ஓதும்போது நினைப்பு நமப் பக்கம் சாய்கிறதா, சிவாப் பக்கம் சாய்கிறதா என்று கவனிப்பதே அந்த வழியில் ஆன்ம விசாரம்.