கூப்பிடும் சத்தம்

ஜூலை 14, 2025, திங்கள்

இவர் வேலை விஷயமாகத் திருப்பூர் போயிருக்கிறார், வெள்ளி சாயங்காலம்தான் வருவார். தென்காசியில் சாரல் விட்டபாடில்லை. ரொம்ப நாளாக அலமாரியில் கிடந்த ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்ற பேய்வீட்டு நாவலை இன்று ராத்திரி கையில் எடுத்தேன். ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதியது. முதல் பத்தியை மூன்று தடவை படித்தேன். பேய் என்ற பேச்சே இல்லை, வெறும் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறார். அதற்கே கையில் மயிர்க்கால் நிமிர்ந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அந்த வீட்டில் ஒரு மூலைகூட நேராக இல்லை. கட்டிய ஹியூ கிரேன் எல்லாவற்றையும் இம்மி இம்மியாகக் கோணலாக வைத்திருக்கிறான். அதனால் திறந்து வைத்த கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. பேயைவிட இந்தக் கோணல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் பின்கட்டுக் கதவும் சாரல் காலத்தில் ஊறி உப்பிப் போய்விடும். சாத்தினால் சேராது, காற்றடித்தால் முனகும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு எழுந்து போய்க் கொண்டியைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. படிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

கதாநாயகி எலினோருக்கு 32 வயது. அதில் 11 வருடம் நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. ஹில் ஹவுஸில் நடுராத்திரி சுவரைத் தட்டும் சத்தம் கேட்கிறது. அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று அரைத்தூக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டே விளக்கைத் தேடுகிறாள். அம்மா இறந்துபோனது அப்புறம்தான் உறைக்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எங்கள் அம்மா டம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். தண்ணீருக்கு ஒரு தட்டு, பாத்ரூமுக்கு இரண்டு. கடைசி மாதம் கணக்கு மறந்துபோய்த் தட்டிக்கொண்டே இருப்பாள். சில ராத்திரிகளில் காதில் விழுந்தும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 18, வெள்ளி, விடிகாலை

தூக்கம் வரவில்லை. மறுபடி எடுத்து முடித்தேன்.

இருட்டில், அதே வீட்டில் கூடத் தங்கியிருக்கும் தியோடோராவின் கையை இறுக்கிப் பிடித்தபடி எலினோர் படுத்திருக்கிறாள். வெளிச்சம் வந்து பார்த்தால் தியோடோரா எட்டாத தூரத்தில் தன் கட்டிலில் இருக்கிறாள். பிடித்திருந்தது யார் கை? ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. செத்துப்போன ராத்திரி அம்மா சுவரைத் தட்டினாள், நான் எழுந்திருக்கவில்லை என்கிறாள் எலினோர். ஒருவேளை விழித்துவிட்டு மறுபடி தூங்கிப்போனேனோ என்றும் தன்னையே கேட்கிறாள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

மணி மூன்றரை. காற்று பலத்துவிட்டது, பின்கட்டில் கொண்டி மரத்தில் மோதி ‘டொக் டொக்’ என்கிறது. எழுந்து விளக்கைப் போட்டேன். அந்த டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.