டிபன் பாக்ஸ்

ஜூன் 11, செவ்வாய்
மகனின் டிபன் பாக்ஸ் இன்றும் காலையில் கொடுத்த கனத்தோடே திரும்பி வந்தது. தயிர்சாதத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவு குழி, அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்
சர்க்கரை டப்பாவை அத்தை பரணில் ஏற்றிவிட்டார். மகனுக்கு ஏடிஎச்டி; கவனம் நிலைக்காது, ஓரிடத்தில் அடங்கி இருக்கமாட்டான். இனிப்பை நிறுத்தினால் பிள்ளை அடங்குவான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். நானும் ஓராண்டு அப்படியே நம்பி, பிறந்தநாளன்றுகூட அவனுக்குப் பாயசம் தராமல் இருந்தேன். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வை இன்றிரவு மறுபடி படித்தேன். மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருப்பதாகத் தாய்மாரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லப்பட்ட தாய்மார்தான் மகன் அதிகம் துள்ளுகிறான் என்று மதிப்பிட்டார்கள். அந்த இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பாயசம் நினைவுக்கு வந்து உறக்கமே பிடிக்கவில்லை.

ஜூன் 15, சனி
கடையில் ஜெல்லி மிட்டாய் உறையைத் திருப்பிப் பார்த்தேன்: ஐஎன்எஸ் 102, ஐஎன்எஸ் 110. இரண்டும் செயற்கைச் சாயங்களின் குறியீட்டு எண்கள். சவுத்தாம்ப்டனில் நடந்து 2007இல் வெளியான சோதனையில், இத்தகைய சாயக் கலவை சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளோடு சேர்ந்து பொதுவாகவே பிள்ளைகளின் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டியது. 2010 முதல் ஐரோப்பாவில் ஆறு சாயங்களுக்கு உறையிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆகவே வாங்கவில்லை. துறுதுறுப்பைக் கூட்டுவது வேறு, ஏடிஎச்டியையே உண்டாக்குவது வேறு என்று வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்
எடை 20.6 கிலோ. மார்ச்சில் 21.3.

ஜூன் 19, புதன்
பகலில் பசியை அடக்குவது ஏடிஎச்டிக்காக அவன் சாப்பிடும் மாத்திரைதான், என் சமையல் அல்ல என்று டாக்டர் சொன்னபோது தொண்டை அடைத்தது. மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். மாத்திரையின் வேகம் தணிந்த பிறகு, மாலையிலும் இரவிலும் பசி திரும்பும்போது மறுபடி கொடுக்க வேண்டும். உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அது தெரியாமல் இரும்புச்சத்து டானிக் வேண்டாம் என்றார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும் என்பதால் அதையும் நிறுத்தச் சொன்னார்.

ஜூன் 20, வியாழன்
ஆறரைக்கு இரண்டு முட்டை தோசை. எட்டுக்கு மாத்திரை. பாக்ஸ் பாதி காலி.

ஜூன் 23, ஞாயிறு
வளைகாப்புக்குப் போயிருந்தோம். “என்னதான் ஆக்கிப் போடுகிறாய், பிள்ளை இப்படி இருக்கிறான்?” என்று பெரியம்மா பந்தியிலேயே கேட்டார். அவன் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுக்கப் போன அத்தையின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 25, செவ்வாய்
இரவு ஒன்பது மணிக்கு அவனாகவே வந்து, “அம்மா, பசிக்கிறது” என்றான். பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஃபெரிட்டின் முடிவு நாளை வரும்.