விற்கப்போகும் வீட்டைக் காலி செய்வது: முதலில் வழி, பிறகு பிரிப்பு

விற்பதற்கு முன் வீட்டைக் காலி செய்யும்போது எதைக் கழிப்பது என்பதில் பெரிய குழப்பம் வருவதில்லை. ஒரு வார இறுதி உட்கார்ந்தால் அதை முடிவு செய்துவிடலாம். கழித்தது எங்கே போகும் என்பதில்தான் வேலை முட்டிக்கொண்டு நிற்கும். வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய டிவி, பாதி பெயிண்ட் இருக்கும் டின், காலாவதியான மாத்திரைப் பை எல்லாம் கூடத்து மூலையில் குவியும். வீடு பார்க்க ஆள் வருகிற அன்று காலையில் அத்தனையும் மறுபடி பரணேறும். அதனால் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது நல்லது. முதலில் பொருள் வெளியேறும் வழிகளைப் பேசி முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் அலமாரியைத் திறக்க வேண்டும்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கப்போகும் நாளை வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணித் தொடங்குங்கள். ஒரு தாளில் வழிகளை எழுதுங்கள்: நாம் கொண்டுபோவது, உறவினருக்கு, விற்பனைக்கு, தானத்துக்கு, பழைய பேப்பர் இரும்புக்கு, மின்கழிவுக்கு, அபாயக் கழிவுக்கு, கடைசியாகக் குப்பைக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் எடுப்பார்கள், எந்த நாள், வீட்டுக்கே வருவார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அவர்கள் எதை எடுக்க மாட்டார்கள் என்பது. மெத்தை, கறை படிந்த சோபா, பழைய டிவி மூன்றையும் பல இடங்களில் மறுப்பார்கள். இது வண்டி வந்து நிற்கும்போது தெரிந்தால் பயனில்லை. விற்பனைக்கு ஒதுக்கியதற்கு இரண்டு வாரம் கெடு வையுங்கள். விற்காதது தானத்துக்குப் போகட்டும். விலை இறங்காமல் காத்திருக்கும் ஒரு சாப்பாட்டு மேசை ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும்.

எந்த வழி தாமதமாகுமோ அதில் கை வைப்பதே முதல் வேலை. அபாயக் கழிவைச் சில இடங்களில் குறிப்பிட்ட நாளில் மட்டும்தான் வாங்குவார்கள். கூடப்பிறந்தவர்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய பொருளும் இதே வகைதான். புகைப்படங்களையும் கடிதங்களையும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். ஆல்பம் ஒன்றைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

காகிதத்துக்குப் பொறுமை வேண்டும். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, கட்டட வரைபடம், மின் இணைப்பு, தண்ணீர் இணைப்புத் தாள்கள் ஆகியவற்றை முதல் நாளே ஒரே உறையில் சேர்த்து, காலி செய்யும் வேலை நடக்காத இடத்தில் வைத்துவிடுங்கள். பிரித்துக் குவிக்கும் பரபரப்பில் பழைய பேப்பர் கட்டோடு கிளம்பிப் போவது இந்தத் தாள்கள்தான். புத்தகத்தை எடைக்குப் போடுவதற்கு முன் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்கள். ரசீது, பணம், சான்றிதழ் என்று ஏதாவது விழும். எடையையும் கணக்கில் வையுங்கள். 500 தாள் கொண்ட சாதாரண ஏ4 கட்டு ஏறக்குறைய 2.5 கிலோ. அப்படி ஆறு கட்டு வைத்தாலே பெட்டி 15 கிலோ ஆகிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் அடி பிய்த்துக்கொள்ளும், அல்லது தூக்குபவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, துணிக்குப் பெரிய பெட்டி. கணக்கு எண், கையெழுத்து உள்ள தாளை நீள வாக்கில் மட்டும் வெட்டினால் மறுபடி ஒட்டிவிட முடியும், குறுக்காகவும் வெட்டும் இயந்திரம் வேண்டும். கடை மெஷினில் வரும் வழவழப்பான ரசீதுகளைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள். அந்தத் தாளில் பெரும்பாலும் பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியிருக்கும், மறுசுழற்சியில் அது மற்றக் காகிதத்துக்கும் ஏறும். அதே ரசீது வெப்பத்தில் வெளுத்தும் போகும் என்பதால், உத்தரவாதத்துக்குத் தேவையானதை நகல் எடுத்துவிடுங்கள்.

பேட்டரியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் இருப்பது இங்கேதான். மேசை டிராயரில் கிடக்கும் 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒரு சாவியோ நாணயமோ இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும், சூடேறத் தொடங்கும். முனைகள் மேல் டேப் ஒட்டித்தான் பையில் போட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கும் இதேதான். குப்பை வண்டி அதை அழுத்தி நசுக்கும்போது வண்டிக்குள்ளேயே தீப்பிடிக்கும். பழைய போனின் முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், பேட்டரியை நெம்பி எடுக்க முயலாதீர்கள். உலர்ந்த மணல் உள்ள தகர டின்னில் போனோடு வைத்து, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

ட்யூப் லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் சுற்றி மின்கழிவோடு அனுப்பலாம். உடைந்துவிட்டால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து 10 நிமிடமாவது விடுங்கள். துடைப்பமும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டுமே பாதரசத்தைப் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் வாரி, பொடியை டேப்பால் ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அடையுங்கள். பழைய காய்ச்சல் மானியில் இருக்கும் பாதரசம் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம், ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. அதைத் துணியில் சுற்றி, அடி அதிராத டப்பாவில் வையுங்கள்.

பெயிண்டில் இரண்டு வகை. தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் கொஞ்சம்தான் மீதி என்றால் மரத்தூளோ மணலோ கொட்டிக் கிளறி, மூடியைத் திறந்தே விட்டு இறுகக் காய வைத்தால், அனேக ஊர்களில் குப்பையோடு எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் பெயிண்ட், தின்னர், வார்னிஷ் மூன்றும் அபாயக் கழிவு, சாக்கடையில் ஊற்றக் கூடாது. மரச்சாமானுக்கு மெருகு போட்ட லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துணியைச் சுருட்டி மூலையில் எறிவது பெரிய ஆபத்து. காய்ந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும், சுருட்டலுக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ள தகர டின்னில் முக்கி மூட வேண்டும். ஸ்பிரே டின்னில் ஆணி இறக்கிக் காற்றை விடுவதும் வேண்டாத வேலை.

மருந்தைத் திருப்பி வாங்கும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் மாத்திரையை உறையிலிருந்து எடுத்து, பொடிக்காமல், மண்ணோடு கலந்து, பையில் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடலாம். சீட்டில் உள்ள பெயரை அடித்துவிடுங்கள். ஊசிகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் டப்பா கட்டாயம்.

பெரிய சாமானில் ஃபிரிட்ஜுக்குத்தான் விவரம் தேவை. பின்பக்கச் சீட்டில், உள்ளே குளிரூட்டும் வாயுவின் பெயர் இருக்கும். ஆர்-134ஏ என்றால், காற்றில் கலந்தால் அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியை வெப்பமேற்றும். ஆர்-600ஏ எளிதில் தீப்பற்றும். ஆர்-12 என்று இருந்தால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் கட்டுப்பாட்டுக்கு வந்த, ஓசோனை அழிக்கும் வாயு. எதுவானாலும், செம்புக் குழாயைக் காசாக்கும் அவசரத்தில் அதை வெட்டி வாயுவைக் காற்றில் விடும் ஆளிடம் கொடுக்காதீர்கள். வாயுவை உறிஞ்சி எடுக்கும் வசதி உண்டா என்று கேட்டே கொடுங்கள். முதல் நாளே அணைத்து, பனி உருகி, உள்ளே உலர்ந்த பிறகு நிமிர்த்திய நிலையில் ஏற்றுங்கள். வெளியே நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் கதவைக் கழற்றிவிடுங்கள், குழந்தை உள்ளே புகுந்தால் திறக்க வராது. மைக்ரோவேவைப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

கணினியில் கோப்பை அழித்தால் போவது பட்டியல் மட்டும்தான், தரவு அங்கேயேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை வேறு தரவால் நிரப்பினால் போதும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நாம் எழுத முடியாத பகுதிகளும் உண்டு என்பதால் அதைத் தயாரித்தவர் தரும் அழிப்புக் கட்டளையே சரி. போனில் முதலில் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ரீசெட். வரிசை மாறினால் அடுத்தவரால் அதைத் திறக்கவே முடியாது. வீட்டோடு விட்டுப்போகும் கேமரா, ஸ்மார்ட் பூட்டு, ரவுட்டர் எதுவும் உங்கள் கணக்கோடு இணைந்தபடி இருக்கக் கூடாது.

தானத்துக்குத் துணி கொடுக்கும்போது உலர்ந்ததை மட்டும் கொடுங்கள். ஈரமான ஒன்று மூட்டை முழுவதையும் பூஞ்சையாக்கிவிடும். பட்டன் இல்லாத சட்டையை ‘ஏழைக்கு ஆகும்’ என்று தள்ளுவது தானம் ஆகாது. அது துடைக்கிற துணி, அப்படியே வெட்டி வையுங்கள்.

கழிக்கக் கூடாதவையும் உண்டு. மீதி டைல்கள், சுவர் பெயிண்டின் நிற எண், ஹீட்டர், மோட்டார் கையேடுகள், கூடுதல் சாவிகள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வாங்குபவருக்கு வையுங்கள். அதே டைல் பிற்பாடு கடையில் கிடைக்காது. விசிறி, அலங்கார விளக்கு, திரைக் கம்பி, நீர் வடிகட்டி, சுவரோடு பொருத்திய அலமாரி இவற்றில் எது வீட்டோடு, எது உங்களோடு என்பதை விளம்பரத்துக்கு முன்பே எழுதி, ஒப்பந்தத்திலும் சேர்த்துவிடுங்கள். கொண்டுபோகப் போகிறதைப் படம் எடுப்பதற்கு முன்பே கழற்றிவிடுவது இன்னும் சுலபம்.

கடைசியாக, சுவரோரம் வருடக்கணக்கில் நின்ற பீரோவைப் படம் எடுக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பாவது நகர்த்துங்கள். பின்னால் ஓதம், கரையான் தடம், விரிசல் ஏதாவது தென்படலாம். மூன்றுக்கும் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால், ஓதம் உள்ள இடம் சில வாரங்களிலேயே கொப்புளம் போட்டு உரியும். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள், செய்த வேலையின் ரசீதை வாங்குபவருக்கு வைத்த பெட்டியில் போடுங்கள்.