ஊக்கும் உப்புச் சட்டியும்

பாங்காக்கில் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் ஆளாளுக்கு உரிமை எடுத்துக்கொள்கிறார்கள். தெருமுனைப் பழ வண்டிக்காரர், கேட்காமலே இளநீரைச் சீவி நீட்டுவார். கடைசி மாதங்களில் அதைக் குடித்தால் பிள்ளை மாவு அப்பாமல், வெள்ளையாய்ப் பிறக்குமாம். (நம் ஊரில் குங்குமப்பூவுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை.) எங்கள் குடியிருப்புக் காவலாளியோ படிக்கட்டில் உட்காரவே விடமாட்டார், படியை மறித்து உட்கார்ந்தால் பிரசவமும் அங்கேயே மறித்து நிற்குமாம்.

ஆனால் என்னை முழுசாகக் கையிலெடுத்துக்கொண்டது கீழ்வீட்டு யாய்தான். அம்மாவைப் பெற்ற பாட்டியை இங்கே யாய் என்பார்கள். அந்த வயதுப் பெண்கள் எல்லோருமே யாய்தான். நக்கோன் பாத்தோம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். என் அரைகுறைத் தாய்லாந்து மொழியைப் பொறுமையாகக் கேட்பார், பிறகு தான் நினைத்ததையே செய்வார்.

2025 செப்டம்பர் 7 இரவு முழு சந்திர கிரகணம். சாயங்காலமே மதுரையிலிருந்து அம்மா போன்: "கத்தி, கத்திரிக்கோல் எதையும் தொடாதடி. வெளிய எட்டிக்கூடப் பாக்காத." போனை வைத்த கொஞ்ச நேரத்தில் யாய் கதவைத் தட்டினார். கையில் ஓர் ஊக்கு. என் சட்டையில், வயிற்றுக்கு நேராகக் குத்திவிட்டுப் போய்விட்டார். நிலாவை விழுங்குவது இங்கேயும் ராகுதான். யாயின் ஊர்ப்பக்கம் வாட் ஸ்ரீஸாதோங் என்றொரு கோயிலில் ராகுவுக்குக் கறுப்புக் கோழி, கறுப்புக் காப்பி என்று எட்டு வகைக் கறுப்புப் பண்டங்கள் படைப்பார்கள். சாவு வீட்டுக்கும் இதே ஊக்குதான். கர்ப்பிணி அங்கே போகவே கூடாது. தட்ட முடியாமல் போனால் வயிற்றில் ஊக்கு இருக்க வேண்டும்.

என் கணவர் சிரித்தார். நான் கழற்றவில்லை. நம்பிக்கையெல்லாம் ஒன்றுமில்லை, பெற்றவள் பக்கத்தில் இல்லாத ஊரில் ஒருத்தி படியேறி வந்து குத்திவிட்டதை எதற்குக் கழற்ற வேண்டும்?

ஒரே ஒரு தடையில்தான் யாய் குரலை உயர்த்தினார். நாங்கள் இருப்பது ஓன்நுட்டில். பக்கத்திலேயே வாட் மஹாபுத். அங்கேதான் மே நாக் சன்னதி. புருஷன் போருக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் செத்து, அவன் திரும்பி வந்தபின்னும் பிள்ளையோடு வீட்டில் காத்திருந்து குடும்பம் நடத்திய பேய் அவள். சேலைக்குப் பதில் பட்டுச் சட்டைகளும், பிள்ளைக்குப் பொம்மைகளும் காணிக்கையாகக் குவிந்திருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு சாகிறவளே பேய்களில் மிக உக்கிரமானவள் என்பது தாய்லாந்து நம்பிக்கை. "பெத்து முடிச்சிட்டு எங்க வேணா போ" என்றார் யாய். நம் கிராமத்து எல்லைகளிலும் இப்படிச் செத்துச் சாமியானவர்கள் நிற்கிறார்களே, எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிரசவம் சுகமாக ஆனது. அதன் பிறகுதான் பெரிய வேலை: யூ ஃபை, அதாவது நெருப்போடு இருப்பது. யாயின் காலத்தில் பெற்றவளைப் பலகையில் படுக்கவைத்து, பக்கத்திலேயே விறகு மூட்டி, இரவும் பகலும் அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒற்றைப்படை நாள் கணக்கு. தலைச்சன் என்றால் கூடுதல் நாள். சூடு தாங்க மஞ்சளைப் பூசிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்க வேண்டும். உள்ளே போன குளிர் வெளியேறவில்லை என்றால் வயதான பிறகு மழைக்கு மழை எலும்பு நோகும் என்பது கணக்கு. எங்கள் அடுக்குமாடியில் ஊதுபத்தி கொஞ்சம் புகைந்தாலே அலாரம் அலறும், விறகுக்கு எங்கே போவது?

ஆனால் இந்த வழக்கம் வேறு வேஷத்தில் நன்றாகவே பிழைத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் தாய்லாந்து வைத்தியப் பிரிவிலும் செய்கிறார்கள், வீட்டுக்கும் ஆள் வருவார்கள். சுகப்பிரசவம் என்றால் ஒரு வாரம் கழித்து. வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனக்கு வந்த அம்மாள் சின்ன மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு, அது படபடவென்று வெடிக்கும்வரை சுடவைத்தார். பிளாய் என்கிற இஞ்சி இனக் கிழங்கையும் மஞ்சளையும் இடித்து அடியில் வைத்து, சட்டியைத் துணியில் மூட்டையாகக் கட்டி, அடிவயிறு, இடுப்பு, முதுகு என்று அழுத்திக்கொண்டே போனார். அப்புறம் மூலிகைக் கிழி ஒத்தடம். கடைசியில் எலுமிச்சைப் புல், புளிய இலை, கற்பூரம் போட்ட ஆவி. கர்ப்பப்பை இடத்துக்குத் திரும்பிவிடும் என்று அடித்துச் சொன்னார். அது தானாகவே சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பிரசவத்துக்குப் பிறகு நான் அசந்து தூங்கியது அன்றைக்குத்தான்.

வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்த அம்மா தீர்ப்புச் சொன்னார்: "நம்ம வேது பிடிக்கிறதுதான். வெந்நி ஊத்துறது மட்டும் இவங்களுக்குப் பத்தாது."

பால் ஊற யாய் கொண்டுவந்தது கெங் லியாங். வாழைப்பூ, பூசணி, மிளகு, துளசி மாதிரி ஒரு கீரை, காய்ந்த இறால். அம்மா வாழைப்பூவைப் பார்த்ததுமே சமாதானமாகிவிட்டார்.

மகள் திங்கட்கிழமை பிறந்தாள். இங்கே பெயருக்கு நட்சத்திரம் பார்ப்பதில்லை, கிழமைதான். ஒவ்வொரு கிழமைக்கும் ஆகாத எழுத்து வரிசை ஒன்று உண்டு. திங்களுக்கு ஆகாதவை உயிரெழுத்துகள் அத்தனையும்! தமிழ்ப் பெயரை உயிர்க்குறியே இல்லாமல் தாய்லாந்து எழுத்தில் எழுதுவதா? பிறந்த பதினைந்து நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். நட்சத்திரப்படி வைத்த பெயரையே கொடுத்துவிட்டோம். யாய் அதற்காகக் கோபப்படவில்லை. அவர் பங்குக்கு "மூ" என்று கூப்பிட ஆரம்பித்தார். பன்றிக்குட்டி! பிள்ளை அழகாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் பேய் கேட்டுவிடும், அதனால் அசிங்கமாய் இருக்கிறது என்றுதான் கொஞ்ச வேண்டும். பிச்சை, குப்பை என்று பெரியப்பாக்கள் உள்ள குடும்பத்தில் பிறந்த எனக்கு இது புதிதா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பிள்ளையை ஒரு முறத்தில் கிடத்தி லேசாக ஆட்டினார். "மூணு நாள் பேயோட பிள்ளை, நாலாம் நாள் மனுசப் பிள்ளை. இது யார் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, "என் பிள்ளை" என்று தானே பதில் சொல்லி, ஒரு பாட் நாணயத்தை என் கையில் வைத்தார். அந்தக் காலத்தில் இதற்கென்று தனித்தனி ஆட்கள் இருந்தார்களாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகளின் கதை அம்மாவிடம் நிறைய உண்டு. போனிலேயே இரண்டைச் சொன்னார், நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன்.

பிள்ளை தூக்கத்தில் சிரித்தால் யாய்க்கு அது மே ஸூ என்கிற காவல் ஆவி விளையாட்டுக் காட்டுவது. அம்மாவுக்கு நரி விரட்டுவது. வயிறு உப்பி அழுதால் மட்டும் இருவருக்கும் ஒரே மருந்து. பெருங்காயக் கரைசலை மஹாஹிங் என்ற பெயரில் இங்கே மருந்துக் கடையிலேயே குப்பியில் விற்கிறார்கள். தொப்புளைச் சுற்றித் தடவ வேண்டியதுதான்.

முடியில்தான் மோதல் வந்தது. ஒரு மாதம் ஆனதும் பிறந்த முடியை மழிக்க வேண்டும், அதை இலையில் வைத்துத் தண்ணீரில் விட வேண்டும் என்று யாய் நாள் குறித்தார். முதல் முடி குலதெய்வத்துக்கு, கத்தியே படக்கூடாது என்றார் அம்மா. நடுவில் நான். கடைசியில் யாயிடம், "எங்க ஊர் சாமிக்கு நேர்ந்தது" என்றேன்.

யாயின் முகம் மாறிவிட்டது. நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வேண்டுதல் பலித்ததும் பன்றித் தலையும் அவித்த முட்டையும் தூக்கிக்கொண்டு சன்னதிக்கு ஓடுகிறவர்கள். "அப்படின்னா தொடவே கூடாது" என்று குறித்த நாளை அவரே அழித்தார். பிறகு, உங்கள் சாமிக்கு முடி மட்டும் போதுமா, பன்றித் தலை கேட்காதா என்று விசாரித்தார்.

கிடா வெட்டுவோம் என்றேன். முழுசாகவா என்று கேட்டார்.