ஹோவா ஹகனனையா ஊர் திரும்ப வேண்டும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கும் ஹோவா ஹகனனையாவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஈஸ்டர் தீவு என்று நாம் படித்த ராப்பா நூயியில் 'மோவாய்' என்று அழைக்கப்படும் பெரிய கற்சிலைகளில் ஒன்று அது. அந்தத் தீவின் ஓரோங்கோ என்ற இடத்தில் ஒரு கல்வீட்டுக்குள் பாதி மண்ணில் புதைந்திருந்த சிலையை, 1868-இல் 'டோபேஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

தீவின் பெரும்பாலான மோவாய்கள் ரானோ ராராக்கு எரிமலைச் சாம்பல் பாறையில் செதுக்கியவை. இதுவோ கடினமான பசால்ட் கல். உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர். முன்புறம் இறுகிய உதடுகளோடு மூதாதையின் முகம். அதன் முதுகைத்தான் பார்க்க வேண்டும்! பறவைத் தலையும் மனித உடலுமாக இரண்டு உருவங்கள் எதிரெதிரே; மேலே ஒரு சிறு பறவை. பிற்காலத்துப் பறவை மனிதன் வழிபாட்டின் அடையாளங்கள் இவை. பழைய தெய்வத்தை உடைத்தெறியாமல், அதன் முதுகிலேயே புதிய நம்பிக்கையைச் செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சிலை போன காலத்தையும் கவனியுங்கள். 1862-63-இல் பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் தீவு மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் சென்றார்கள். திரும்பிய சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர். அந்த நிலையில் இருந்தவர்களிடம் சம்மதம் என்று எதைக் கேட்டிருக்க முடியும்?

2018-இல் ராப்பா நூயி குழு லண்டனுக்கே சென்று சிலையைக் கேட்டது. இன்னும் கொடுக்கவில்லை. 1870-இல் சிலிக்குக் கொண்டுபோன ஒரு மோவாயை சாந்தியாகோ அருங்காட்சியகம் 2022-இல் திருப்பி அனுப்பிவிட்டதே! மியூசியப் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் தடுக்கிறது என்றால் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தட்டும்.