ராணுவம் கேக்க வெக்கப்பட்டவரு தராசு கேக்க வெக்கப்படல

எங்க சபையில காணிக்கை எண்ணுற வேலைக்கு மட்டும் யாரும் போட்டி போட்டு நான் பாத்ததில்லங்க. பாட்டுக்குழுவுல சேர ஆள் இருக்கு, கிறிஸ்மஸ் நாடகத்துல யோசேப்பா நிக்கறதுக்கு ரெண்டு பேரு அடிச்சுக்குவாங்க, கீபோர்டு வாசிக்க பசங்க வரிசைல நிக்கறாங்க, ஆனா ஆராதனை முடிஞ்சு ஊரே வெளிய நின்னு டீ குடிச்சிட்டு கத பேசற நேரத்துல வெஸ்ட்ரிங்கற சர்ச் பக்கத்து ரூமுக்குள்ள ஃபேன நிறுத்திட்டு (போட்டா நோட்டு பறக்கும்) வேர்த்து விறுவிறுத்து சில்லற எண்ணணும்னா யாரு வருவா. நான் கிருஷ்ணகிரில ஒரு மாம்பழக்கூழ் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவன், அதனால "நீங்க கணக்கு எழுதறவர்தானே, வாங்க வந்து உக்காருங்க"ன்னு இழுத்துட்டாங்க. தரிசனம் கிரிசனம் எதுவும் காணல, அப்படியே வந்து ஒட்டிக்கிட்டதுதான்.

அந்த மேஜைய ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாக்கணும் நீங்க. சிவப்பு வெல்வெட் பைய கவுத்தா மொதல்ல விழறது பத்து ரூபா காயின்தான். நம்ம பக்கம் கடைலயும் பஸ்லயும் பத்து ரூபா காயின வாங்க மாட்டேன்னு ரொம்ப நாள் அடம்புடிச்சாங்கல்ல, செல்லும்னு ரிசர்வ் பேங்கே சொல்லியும் கேக்கல, அப்படி எங்கயும் போகாததெல்லாம் ஆண்டவர்கிட்ட வந்து சேந்துடுச்சு. அடுத்து எட்டா மடிச்ச இருபது ரூபா நோட்டு, பிரிக்கும்போது ஈரமா இருக்கும், கைக்குள்ளயே ஆராதனை முழுக்க வெச்சிருந்த குழந்தையோடது. ஸ்தோத்திர காணிக்கை கவர்கள், சிலது தமிழ்ல சிலது தெலுங்குல எழுதியிருக்கும், "பிறந்தநாள்", "மாடு கன்னு போட்டது", "ஆபரேஷன் நல்லபடி". ஒரு கவர்ல பேரே இல்லாம "ஆண்டவருக்குத் தெரியும்"னு மட்டும் எழுதி 500 ரூபா வெச்சிருந்தாங்க. ஆண்டவருக்குத் தெரியும், சரிதான், நாங்க ரசீது யாருக்குப் போடறது?

பொருளாளரா இருக்கறவரு ரிட்டயர் ஆன வாத்தியார். எல்லாரும் வாத்தியார்னுதான் கூப்பிடுவோம். அவருக்குன்னு சில சட்டம் இருக்கு. தனியா ஒருத்தர் எண்ணக் கூடாது, வெஸ்ட்ரி கதவு தொறந்தே இருக்கணும், எண்ணறவங்க பேண்ட் பாக்கெட்ல இருக்கற பர்ஸ எடுத்து ஜன்னல் ஓரமா வெச்சிட்டு வரணும், எத்தன ஐநூறு எத்தன இருநூறுன்னு சீட்டுல பிரிச்சு எழுதி எண்ணின ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், திங்கக்கிழம பணம் பேங்குக்கு போயிடணும், நடுவுல "அவசரத்துக்கு ஒரு ரெண்டாயிரம் எடுத்துட்டு அப்புறம் வெச்சிடலாம்"ங்கற பேச்சே கிடையாது. பாஸ்டர் ஐயாவே கேட்டாலும் வவுச்சர் எழுதித்தான் கொடுப்பாரு. பாஸ்டரம்மாவுக்கு ஆரம்பத்துல இது கொஞ்சம் வருத்தம், இப்ப அவங்களே மளிக சீட்டுல கூட கையெழுத்து போட்டு அனுப்பறாங்க.

இதெல்லாம் ஓவரா இருக்குன்னு சொல்ற ஆளுங்க உண்டு. "விசுவாசிங்களுக்குள்ள எதுக்குங்க இவ்ளோ கணக்கு வழக்கு, கர்த்தர் பாத்துக்குவாரு"ன்னு ஒரு வசனம் மாதிரியே சொல்லுவாங்க. எனக்கு இந்தப் பேச்ச கேட்டா உடனே பைபிள்ல எஸ்றா புஸ்தகத்தோட எட்டாம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். நம்ம ஆளுங்க அந்த அதிகாரத்துல உபவாசத்தோட நிறுத்திடுவாங்க, அதுக்கு அடுத்த பத்து வசனத்த யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல.

கத என்னன்னா, பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு எஸ்றா ஒரு கூட்டத்த கூட்டிட்டு கெளம்பறாரு, நாலு மாசப் பயணம், குழந்தைங்க பெண்டுங்க எல்லாம் கூட, வழில கொள்ளக்காரங்க. ராஜாகிட்ட கேட்டிருந்தா குதிரப்படை கொடுத்திருப்பாரு. ஆனா "எங்க தேவன் எங்கள பாத்துக்குவாரு"ன்னு ராஜா முன்னாடி ஏற்கனவே பெருமையா சொல்லிட்டாரு, அப்புறம் போயி போலீஸ் பாதுகாப்பு கேட்டா எப்படி இருக்கும், அதனால கேக்க வெக்கப்பட்டேன்னு அவரே எழுதறாரு. அகாவா நதிகிட்ட எல்லாரும் உபவாசம் இருக்காங்க. இது வரைக்கும் நம்மளுக்குத் தெரியும். அடுத்து அவரு செய்யற வேலதான் எனக்குப் பிடிச்சது. ஆசாரியருங்கள்ல, அதாவது ஆலயத்துல பலி செலுத்தறவங்கள்ல, பன்னெண்டு பேர தனியா பிரிச்சு, ஆலயத்துக்குன்னு வந்த காணிக்கைய அவங்க கண்ணு முன்னாடியே தராசுல நிறுத்து கொடுக்கறாரு. வெள்ளி 650 தாலந்து, பொன்னு 100 தாலந்து, வெள்ளி பாத்திரங்க 100 தாலந்து எடைக்கு, பொன் கிண்ணம் 20, அப்புறம் பளபளன்னு இருக்கற ரெண்டு செம்புப் பாத்திரம். ஒரு தாலந்து முப்பது கிலோவுக்கு மேல வரும்னு சொல்றாங்க, அப்ப வெள்ளி மட்டுமே இருபது டன்னு கிட்ட! இத தூக்கிட்டு நாலு மாசம் நடக்கணும். "எருசலேம்ல நிறுத்து ஒப்படைக்கற வரைக்கும் முழிச்சிருந்து காத்துக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பறாரு.

போய்ச் சேந்து மூணு நாள் ரெஸ்ட் எடுக்கறாங்க. நாலாம் நாள் ஆலயத்துல மறுபடியும் தராசு. இந்த தடவ வாங்கிக்கறது வேற ஆளுங்க, ஆசாரியர் ரெண்டு பேரு, ஆலய வேலைக்கு உதவியா இருக்கற லேவியர் ரெண்டு பேருன்னு நாலு பேர் பேரோட எழுதியிருக்கு. கொண்டு வந்தவன் வேற, வாங்கி எடை போடறவன் வேற. எண்ணிக்கையும் சரி, எடையும் சரி, மொத்தமும் அங்கேயே எழுதி வெச்சாங்கன்னு முடியுது. எங்க கம்பெனில மாங்கா லோடு உள்ள வரும்போது கூட இதே முறைதாங்க, லோடு ஏத்தினவன் எடைய எறக்கறவன் ஒத்துக்க மாட்டான், நம்ம வேபிரிட்ஜ்ல ஒருக்கா ஏத்தித்தான் தீரணும்.

ராணுவம் கேக்க வெக்கப்பட்ட மனுஷன் தராசு கேக்க வெக்கப்படல. யோசிச்சுப் பாருங்க, கூட வர்றவங்க எல்லாம் ஆசாரியருங்க, "நீங்க கர்த்தருக்குப் பரிசுத்தமானவங்க"ன்னு அவரே அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, சொல்லிட்டு எடையும் போடறாரு. அவங்கள நம்பலன்னு அர்த்தமில்ல. நாளைக்கு எவனாவது ஒருத்தன் வழில ஒரு கிண்ணம் கொறஞ்சுடுச்சுன்னு புரளிய கிளப்பினா அந்தப் பன்னெண்டு பேரும் தலை நிமிந்து நிக்கணும்ல. கணக்கு கேக்கறது சந்தேகம்னு நெனைக்கறது நம்ம ஊர்ல பழகிப்போன ஒரு வியாதி. கணக்கு கேக்காம விட்டுத்தான் எத்தனையோ நல்ல ஊழியக்காரங்கள நம்மளே கெடுத்திருக்கோம்னு நான் சொல்லுவேன், கோவப்பட்டாலும் பரவால்ல.

அப்போஸ்தலர் பவுலும் இதேதான். எருசலேம்ல கஷ்டப்படற ஏழைங்களுக்காக சபை சபையா தர்மப்பணம் சேக்கறாரு, ஆனா தனியா தூக்கிட்டுப் போகல. தன்னோட உடன் ஊழியர் தீத்துவ அனுப்பறாரு, கூட சபைங்களே தெரிஞ்செடுத்த ஒரு சகோதரர், அதுக்கும் மேல இன்னொருத்தர். ஏன்னு கேட்டா, இந்தப் பணத்தப் பத்தி எங்கள ஒருத்தனும் குத்தம் சொல்லிடக் கூடாது, கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா நடக்கணும்னு ரெண்டாம் கொரிந்தியர் எட்டுல சொல்றாரு. பவுலுக்கே சாட்சி தேவப்பட்டுச்சு, நம்ம சபை செகரட்டரிக்கு தேவையில்லையாம். யூதாஸ் விஷயம் சொல்லவே வேணாம், இயேசுவோட சீஷருங்க பன்னெண்டு பேருக்கும் பணப்பைய சுமந்தவன் அவன்தான், யோவான் அத மறக்காம எழுதி வெச்சிருக்காரு.

வாத்தியார் எப்படிப்பட்ட ஆளுன்னு 2016ல பாத்தேன். நவம்பர் 8 செவ்வாக்கிழம ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு சொன்னாங்கல்ல, அந்த ஞாயித்துக்கிழம எங்க பை அடியோட கனத்துப்போச்சு, ரொம்ப நாளா சர்ச் பக்கமே வராதவங்கல்லாம் பக்தியா வந்து ஆயிரம் ரூபா நோட்டு போட்டுட்டுப் போனாங்க (ஆராதனைக்கு அவ்ளோ கூட்டம் ஈஸ்டருக்குக் கூட வராது). அது பரவால்ல, போட்டது போட்டதுதான். எண்ணிட்டு இருக்கும்போது நல்ல வசதியான ஒருத்தர் வெஸ்ட்ரிக்குள்ள வந்தாரு, சபைக்கு நெறைய செஞ்சவரு, பேர் வேணாம். மெதுவா சேர இழுத்துப் போட்டு, "வாத்தியாரே, நான் ஒரு தொகை தர்றேன், கட்டட நிதின்னு சபை அக்கவுண்ட்ல போட்டுடுங்க, நாலஞ்சு மாசம் கழிச்சு மெதுவா எனக்கு திருப்பிக் கொடுங்க, அதுல பத்து பர்சன்ட் சபைக்கே விட்டுடறேன்"னாரு. அந்த சமயத்துல எங்க சர்ச்சுக்கு கூரை ஒழுகிட்டு இருந்துச்சு, அந்தப் பத்து பர்சன்ட்ல கூரையே மாத்திடலாம். நானே ஒரு நிமிஷம் மனசுக்குள்ள ஷீட் ரேட் போட ஆரம்பிச்சிட்டேன், அக்கவுண்ட்ஸ்காரன் புத்தி.

வாத்தியார் எண்ணிட்டு இருந்த கட்ட கீழ வெக்கல. "கொடுத்தா காணிக்கைங்க. திரும்ப வாங்கறதா இருந்தா அதுக்குப் பேரு அடகு, அதுக்கு பஜார்ல கடை இருக்கு"ன்னாரு. குரலே ஒசத்தல. அப்புறம் என்னப் பாத்து, "தம்பி, எத்தனைல விட்டோம்? நாப்பத்தேழா?"

அந்த வசதியானவரு ரொம்ப நாளைக்கு எங்க சபைக்கு வரல. கூரைக்கு அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துலதான் பணம் வந்துச்சு. ராகி மூட்ட, புளி, ராயக்கோட்டை தக்காளிக் கூடை, நாட்டுக்கோழி, பெங்களூரா மாங்கான்னு வரிசையா ஏலம் போச்சு, ஒரு பூசணிக்காயவே மாத்தி மாத்தி ஏலம் எடுத்து திருப்பித் திருப்பி சபைக்கே கொடுத்தாங்க. ஏலத்துல வீராப்பா கேட்டுட்டு காசு கட்டாம இழுக்கறவங்க லிஸ்ட் ஒண்ணு தனியா வாத்தியார்கிட்ட இருக்கு, அதப் பத்தி எழுத ஆரம்பிச்சா நான் ஊருக்குள்ள நடமாட முடியாது.

சரி, இவ்ளோ சொன்னதும் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, "அப்ப ஊழியத்துல பலனே முக்கியம் இல்லையா, இயேசு சொன்ன தாலந்து உவமைல எஜமான் கொடுத்த பணத்த பெருக்கினவனுக்குத்தானே பாராட்டு"ன்னு. நியாயமான கேள்விதான். ஆனா மத்தேயு 25ஐ எடுத்து வெச்சுப் பாருங்க, அஞ்சு தாலந்து வாங்கினவனுக்கு எஜமான் சொன்ன வார்த்தையும் ரெண்டு தாலந்து வாங்கினவனுக்கு சொன்ன வார்த்தையும் அச்சு அசல் ஒண்ணுதான். அஞ்சு சம்பாதிச்சவனுக்கு ஒரு வார்த்த கூட போட்டுச் சொல்லல. புதைச்சு வெச்சவன்தான் மாட்டினான், அவனும் கணக்குல ஒரு பைசா கொறைக்கல, எஜமான் கடினமானவருன்னு முடிவு பண்ணி வேலையே செய்யாம விட்டதுதான் தப்பு.

கிருஷ்ணகிரில இருந்துகிட்டு தியோடர் நேதரப் பத்தி சொல்லாம இருக்க முடியல. ஜெர்மனில இருந்து லைப்சிக் மிஷன் மூலமா நம்ம நாட்டுக்கு வந்து, உபதேச விஷயத்துல மனசாட்சிக்கு ஒத்து வரலன்னு அத விட்டு வெளிய வந்தவரு. அமெரிக்காவுல இருக்கற மிசௌரி சினாடுங்கற லுத்தரன் சபை 1894ல இவரையும் ஃபிரான்ஸ் மோனையும் மிஷனரியா அனுப்பினாங்க. நேதர் 1895ல கிருஷ்ணகிரில வேலைய ஆரம்பிச்சாரு, மோன் அடுத்த வருஷம் ஆம்பூர்ல. இந்த ஏரியாவுல பெருசா ஜனங்க சேரல, மெதுவாத்தான் போச்சு. 1904ல பிளேக் வந்து நேதர் இறந்துட்டாரு. 1907ல அதே மிஷன் நாகர்கோவில் பக்கம் போச்சு, ஜனங்க கூட்டமா வந்தது அங்கதான். அவரு போயி மூணு வருஷம் கழிச்சு! ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பணும்னா அந்த மனுஷன் வருஷா வருஷம் என்னத்த எழுதியிருப்பாரு, சொல்லுங்க. எஸ்றா அந்தப் பன்னெண்டு பேர்கிட்ட பொன்ன நூறு தாலந்துல இருந்து நூத்தம்பது ஆக்கிக் கொண்டு வான்னு கேக்கல, கொடுத்தத கொண்டு வந்து சேருன்னுதான் கேட்டாரு. நேதருக்கு கொடுத்தது கிருஷ்ணகிரி. பிளேக் காலத்துல ஊர விட்டு ஓடறது ரொம்ப சாதாரணம், அவரு சாகற வரைக்கும் இந்த வேலையிலதான் இருந்தாரு.

இப்ப எங்க மேஜைக்கு புதுசா ஒரு தலவலி, கியூஆர் கோடு. பைல விழற பணம் கொறஞ்சுடுச்சு, பாதி பேரு பாட்டு பாடும்போதே ஃபோன்ல அனுப்பிடறாங்க, யாரு எதுக்கு அனுப்பினாங்கன்னு ஸ்டேட்மெண்ட் எடுத்து ஒவ்வொண்ணா பாக்கணும், வாத்தியாருக்கு அந்தப் பொடி எழுத்து தெரியல. அதனால வாலிபர் சங்கத்துல இருந்து ஒரு பொண்ண சேத்துக்கிட்டோம், ஓசூர்ல சிப்காட்ல வேல பாக்குது, சனிக்கிழம வீட்டுக்கு வந்துடும். வந்த ரெண்டாவது வாரமே ஸ்டேட்மெண்ட்ல விரல வெச்சு, "அண்ணா, இந்த 250 ரூபா வெளிய போயிருக்கே, இது எதுக்கு, வவுச்சர் எங்க?"ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்லத் தெரியாம முழிக்கறேன், பக்கத்துல இருந்த ஒரு பெரியவருக்கு கோவம், "சின்னப் பொண்ணு, வந்த உடனே பெரியவங்கள கேள்வி கேக்குது பாரு"ன்னாரு. வாத்தியார் மட்டும் சிரிச்சிட்டே எழுந்து பீரோவ தொறந்து, அது பல்பு வாங்கினதுன்னு வவுச்சர காட்டினாரு. காட்டிட்டு உக்காருவாருன்னு பாத்தா, அஞ்சு வருஷத்து ஃபைல் எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா தூக்கிட்டு வந்து அது முன்னாடி அடுக்க ஆரம்பிச்சிட்டாரு.

"ஐயோ சார், நான் அந்த 250 மட்டும்தான் கேட்டேன்."

"இருக்கட்டும்மா, யாரும் கேக்காமயே கிடக்குது, பாரு."