பிள்ளைகளுக்கு ஒரு அட்டைக் களம்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் கோயிலில் களமெழுத்து, அதாவது தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைவதைப் பார்த்திருப்பார்கள். அதை அட்டையில் செய்யவும் அதே ஐந்து பொடிதான்: அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, வாகை இலைப்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்த சிவப்பு.

சிவப்பைப் பெரியவர்களே கலக்குங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. 2 ஸ்பூன் மஞ்சளுக்குக் கால் ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பு, சில சொட்டுத் தண்ணீர். சுண்ணாம்பு கூடினால் காய்ந்ததும் வெள்ளை பூக்கும். வாகை இலையை நிழலில் மொறமொறவென்று காயவிடுங்கள்; ஈரம் இருந்தால் பூஞ்சைதான்.

தடித்த அட்டையில் பென்சில் கோடு. ஃபெவிகாலில் பாதியளவு தண்ணீர் போதும், மிஞ்சினால் அட்டை வளையும். ஒரு நிறத்துக்கான இடத்தில் மட்டும் பசை தடவி, பொடி தூவி, காய்ந்தபின் தட்டி உதறுங்கள். கரி முதலில், அரிசிமாவு கடைசியில். மாற்றினால் வெள்ளை அழுக்காகிவிடும். பிள்ளைகள் மாற்றத்தான் பார்ப்பார்கள்! வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மஞ்சள் சீக்கிரம் வெளுக்கும்.